பள்ளிக்கூடத்துக்கு வாட்டம் வைத்த கதை

என்னைக் கண்டதும் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வேகமாக என்னிடம் வந்தார். ஒரு மாட்டுத் தரகனுக்கு அப்படி ஒரு மரியாதை எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

பொய். அவராக வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. கையை நீட்டியது எதையாவது பிடித்துக்கொள்ளத்தான். பின்சுவர் ஓரமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். அவர் கைக்கு அகப்பட்டது என் வேட்டி.

வேட்டி அவிழவில்லை. அந்த மட்டுக்கும் சாமி காப்பாற்றியது. இன்ஸ்பெக்டரும் நாற்காலியும் சுவரில் முட்டி நின்றார்கள். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு அன்று காலையில்தான் தரையை வழவழவென்று சாணி போட்டு மெழுகியிருந்தோம். ஈரம் காயவில்லை. நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஓட்டுச் சில்லு நழுவிவிட்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பன்மார்கள் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. கடைசி வரிசையில், சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் ராமாத்தாள். நாற்காலி வருவதைப் பார்த்ததும் அவள் முதலில் சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் நகர்ந்தாள்.

பள்ளிக்கூடத்துக்குள் சாக்கடை எதற்கு என்று கேட்பீர்கள். இன்ஸ்பெக்டரும் அதையேதான் கேட்டார்.

நாங்கள் கட்டிய அழகு

எங்கள் கள்ளிமேடு வேலந்தாவளம் மாட்டுச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரம். கிழக்கே நாலு காடு தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. நாங்கள் இருந்தது கொச்சிச் சீமை. மாடு விற்பதும் வாங்குவதும்தான் முக்கால்வாசிப் பேருக்குப் பிழைப்பு.

பள்ளிக்கூடம் வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் அழவில்லை. பக்கத்து ஊரில் ஒன்று வந்துவிட்டது. அங்கே மணி அடித்தால் எங்கள் காதில் விழும். அதுதான் பொறுக்கவில்லை. படிப்பு இல்லாமல் பாட்டன் காலத்திலிருந்து சௌக்கியமாக இருந்தவர்கள், மணி இல்லாமல் ஒரு மாசம் இருக்க முடியாமல் போய்விட்டார்கள்.

கமிட்டி போட்டோம். பிள்ளையை அனுப்புகிற அப்பன்மார் எல்லோரும் மெம்பர். என் மனைவி வள்ளியாத்தாளின் அண்ணன் சென்னியப்ப கவுண்டர் பிரசிடெண்ட். ஊரில் பெரிய பண்ணையம் அவருடையது, மீசையும் அவருடையதுதான் பெரிது. முதல் கூட்டத்தில் யாரோ என் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தார்கள். நான் அதை முகத்துக்கு நேரே பிடித்து, புருவத்தைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது" என்றேன். அது கற்பூரம் மடித்து வந்த காகிதம். கீழே போடச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கட்டடத்தை நாங்களே கட்டினோம். மண், கல், பனங்கை, ஓலை எல்லாம் ஊரார் கொடுத்தது. அங்கேதான் வந்தது வினை. எங்களுக்குக் கட்டத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மாடு கட்டுகிற மாட்டுச்சாளை. அதற்குக் கூரை தாழ இருக்க வேண்டும், காற்று பிய்க்காது. தரை முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சாய்ந்து வர வேண்டும். அந்தச் சாய்வுக்கு வாட்டம் என்று பெயர். சாய்வு முடிகிற இடத்தில், பின்சுவர் ஓரமாக ஒரு சாக்கடை. யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை பாட்டுக்குச் செய்தது, நாங்கள் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். விட்டத்தை மட்டும் தூக்கி வைக்க வெளியூர் ஆசாரி வந்தார். கட்டடத்தில் நேராக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்து வாத்தியார். சித்தூர்ப் பக்கத்து மலையாளி, கோவிந்தன் மாஷ். நெடுநெடுவென்று பனைமரம் மாதிரி ஆள். அவரைப் பார்த்து எடுத்ததும் கமிட்டிதான். எல்லோரும் அவரைச் சுற்றி வந்தோம். பின்னால் போய் நின்று பார்த்தோம். "சித்த நடந்து காட்டுங்க" என்றார் ஒருவர். நான் தொழில் பழக்கத்தில் "வாயைத் தொறங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனுஷனும் திறந்தார். என்ன படித்திருக்கிறார் என்று கேட்க எல்லோருக்கும் மறந்துவிட்டது. கேட்டிருந்தால் மட்டும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்திருப்போம்?

வாசலில் குனிந்து உள்ளே வந்த மாஷ் தரையைப் பார்த்தார்.

"இதெந்தா, தரை இப்படிச் சரிஞ்சு கிடக்குது?"

"வாட்டமுங்க" என்றார் பிரசிடெண்ட்.

"வாட்டம் எதுக்கு?"

"மூத்திரம் போறதுக்குங்க."

"பிள்ளைகளோடதா?"

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. ஆனால் கமிட்டி என்று ஒன்று போட்டுவிட்டால் தப்பை ஒப்புக்கொள்ள முடியுமா? பிரசிடெண்ட் மீசையை ஒரு தடவு தடவி, "மழைத்தண்ணி உள்ள வந்தா நிக்காமப் போகோணுமல்லங்க" என்றார். "ஆமாங்க, ஆமாங்க" என்று அத்தனை பேரும் தலையை ஆட்டினோம். மாஷ் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தண்ணீர் உள்ளே வரும் என்று கட்டினவர்களே சொல்லிவிட்ட கூரை.

மேல் பக்கத்துப் பெருமை

பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். படித்தார்கள் என்பதைவிடச் சறுக்கினார்கள் என்று சொல்ல வேண்டும். காலையில் மாஷ் முன்னால் உட்கார வைத்த பிள்ளை, மத்தியானச் சோற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவுக்கு வந்துவிடும். "ஞான் போர்டில எழுதீட்டுத் திரும்பிப் பாத்தா, கிளாஸ் ஒழுகி அங்க போயிருக்குது" என்பார் மாஷ்.

அவர் எங்களிடம் கேட்டது இரண்டே விஷயம். தரையைச் சமமாக்கித் தாருங்கள், சந்தை நாளில் பிள்ளைகளை மாடு பிடிக்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டாவதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். முதலாவதைக் கேட்டுச் சண்டைக்குப் போனோம்.

ஏன் சண்டை? அதற்குள் அந்தச் சாய்வுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. முன்பக்கம் மேல், பின்பக்கம் கீழ். தன் பிள்ளை மேல் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு அப்பனும் முட்டி மோதினான். "தூண் குடுத்தவன் புள்ளை கீழ உக்காரோணும், ஓலை குடுத்தவன் புள்ளை மேல உக்காரோணுமா? எந்த ஊரு நாயமுங்க இது?" என்று கத்தினார் ஆறுமுகம் செட்டியார். மாட்டுக்குக் கயிறும் சலங்கையும் விற்கிற கடை அவருடையது. பஞ்சாயத்து பல நாள் நடந்தது. கடைசியில் பிரசிடெண்ட் பையன் பொன்னுச்சாமிக்கு உச்சி. செட்டியார் பையனுக்கு அதற்கு அடுத்த வரிசை. இப்படியே படிப்படியாகக் கீழே.

காட்டு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை வாசற்படிக்கே விடக் கூடாது என்றார்கள். கமிட்டி சண்டை இல்லாமல், ஒரே மனதாகத் தீர்மானித்தது அது ஒன்றைத்தான். ஒரு மூலையில் நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் கட்டடத்துக்குக் கொடுத்தது வடக்குச் சுவரில் பாதி. அதுவும் முதல் மழையில் விழுந்துவிட்டது. ஆகவே ராமாத்தாளுக்குச் சாக்கடை ஓரம். பெண் பிள்ளை வேறு.

அதில் ஒரு வசதி இருந்தது. மேலே உட்காருகிற பிள்ளைகளின் பலப்பமெல்லாம் கையிலிருந்து நழுவினால் உருண்டு உருண்டு அவளிடம்தான் வந்து சேரும். எழுந்து வந்து கேட்க அவர்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. உச்சியில் இருப்பவன் சாக்கடைப் பக்கம் இறங்கி வருவானா? அவர்கள் பலப்பம் இல்லாமல் விரலைச் சூப்பிக்கொண்டிருக்கும்போது, இவள் மடி நிறைய வைத்துக்கொண்டு எழுதித் தள்ளினாள்.

மச்சான் போட்ட கெடு

என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. என்னையும் சின்ன வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மத்தியானச் சோற்றுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. யாரும் தேடவும் இல்லை. வாத்தியாருக்கு நிம்மதி, அப்பனுக்கு ஆடு மேய்க்க ஆள்.

அதனால் மகள் படிக்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை. ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கு மாடு ஓட்டிப் போனேன். சுங்கச்சாவடித் தொட்டியில் வழக்கம்போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். வழக்கம்போலச் சாவடிக்காரன் என் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். எதற்குத் திட்டுகிறான் என்று எனக்கு அத்தனை வருஷமாகத் தெரியாது. அவன் சுபாவம் அப்படி என்று நினைத்திருந்தேன்.

"அப்பா, மாட்டை இந்தத் தொட்டியில உடக்கூடாதுன்னு பலகையில எழுதியிருக்குதுங்க" என்றாள் ராமாத்தாள்.

"எந்தப் பலகை அம்மிணி?"

"உங்க தலைக்கு மேலீங்க."

அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பலகை என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே தொங்குகிறது. அன்று முதல் இவள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அவளுக்கோ அது பிறவியிலேயே இருந்தது. "நாலாவதுல பெரிய புஸ்தகமுங்களாமா அப்பா. படமே இல்லீங்களாமா, எல்லாமே எழுத்தாமா" என்பாள், பலகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆனால் மச்சான் சென்னியப்ப கவுண்டருக்கு வேறு கணக்கு. பொன்னுச்சாமிக்கு ராமாத்தாளைக் கட்டிவிட வேண்டும். முறைப் பெண். முடியாது என்று என்னால் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் முடியட்டும், பள்ளிக்கூடம் முடியட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் அவர் நேராகவே சொல்லிவிட்டார்.

"இத பாரு மாப்ளே, பள்ளிக்கூடம் இருக்கற வரைக்கும் உன்ற புள்ளை போகட்டும். நானு ஒண்ணுஞ் சொல்லலை. பள்ளிக்கூடம் நின்னுபோச்சுன்னு வெய்யி, அந்த மாசமே பாக்கு மாத்தறம். செரிதானே?"

"செரிங்க மச்சான்" என்றேன். பிரசிடெண்டே அவர்தானே, தன் பள்ளிக்கூடத்தைத் தானே நிற்க விடுவாரா என்ற தைரியம். அந்த ஊர் அப்பன்மாரை நான் எவ்வளவு உயர்வாக நினைத்திருந்தேன் பாருங்கள்.

வெட்டுவதா, நிரப்புவதா

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். சுவரில் முட்டி நின்ற இன்ஸ்பெக்டர் எழுந்து அங்கவஸ்திரத்தை உதறினார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்போம், அது எங்களுக்குப் பழக்கம்.

அவர் வருவதற்கு முன்னால் கமிட்டி செய்த ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். வாசலில் வாழைமரம், மேளம். மாலை யார் போடுவது என்பதில் தகராறு வந்து ஆளுக்கொரு மாலை போட்டதில் அவர் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுக்கூடச் சொல்லிக்கொடுக்க மாஷுக்கு நேரம் விடவில்லை. பிள்ளைகளைத் தோரணம் கட்ட அனுப்பியிருந்தோம்.

"இந்தத் தரையைச் சமமாக்குங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. அடுத்த மாசம் வருவேன். சமமாக இருந்தால் சர்க்கார் அங்கீகாரம் உண்டு. இல்லையென்றால் இந்தப் பள்ளிக்கூடம் இல்லை."

ஒரு நாள் வேலை. இரண்டு வண்டி மண் போதும். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது.

"மேல் பக்கத்தை வெட்டி எறிஞ்சா சமமாப் போயிருமுங்க" என்றார் செட்டியார்.

"என்ற பையனைக் கீழ எறக்கறதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்றார் பிரசிடெண்ட்.

"அப்பக் கீழ்ப் பக்கத்தை ரொப்புங்க" என்றார் ஒருவர்.

"ரொப்புனா? கண்டவன் புள்ளையும் என்ற பையனுக்குச் சமமா வந்து உக்காந்துக்குமே. தூணு நான் எதுக்குக் குடுத்தேன்?"

"தூணு குடுத்தது நானுங்க" என்றார் செட்டியார். "நீங்க குடுத்தது விட்டம்."

அப்புறம் பேச்சு விட்டத்துக்கும் தூணுக்கும் போய்விட்டது. மாஷ் மூலையில் நின்று, "தரை... தரை..." என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "நீங்க சித்த சும்மா இருங்க மாஷே, பெரியவங்க பேசீட்டிருக்கறமல்ல" என்று அடக்கிவிட்டார்கள்.

இப்படியே கூட்டத்துக்கு மேல் கூட்டம். மச்சான் ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தின் பிரசிடெண்ட், இன்னொரு பக்கம் அது நின்றால் மருமகள் கிடைக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்கு மெத்தை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ளே, பாக்கு நல்லதா வாங்கி வெய்யி" என்று சிரிப்பார்.

வீட்டில் ராமாத்தாள் சேர்த்து வைத்திருந்த பலப்பத்தையெல்லாம் எடுத்து, நீளமானது, உடைந்தது என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வள்ளியாத்தாள்தான் பேசினாள்.

"ஏனுங்க, ஊரு மாட்டுக்கெல்லாம் பொய் சொல்லி வித்துப்போட்டு வர்றீங்க. கண்ணுல பூ உழுந்த மாட்டைக் கூட வித்தீங்க. பெத்த புள்ளைக்குன்னு ஒரு பொய் வரமாட்டேங்குதா?"

என் தொழிலை என் மனைவி மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

துண்டுக்கு அடியில்

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேரும் கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் பேசியதை வெளியே போய் விசாரிக்கக் கூடாது. கேட்டவனோடு யாரும் வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பொய்யனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் கிடையாது.

அடுத்த சந்தையில் செட்டியார் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டேன். இரண்டு விரலை அழுத்தினேன்.

"என்ன மாடு கருப்பண்ணா?" என்றார்.

"மாடில்லீங்க. மண்ணு. பிரசிடெண்டு அவிங்க பையன் உக்கார்ற எடத்தை ரெண்டு விரக்கடை ஒசத்தப் போறாருங்க. நாளைக்கு விடியங்காட்டி. நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க."

செட்டியார் முகம் சிவந்தது. துண்டுக்குள் என் கையை அவர் கசக்கிய கசக்கில் மறுநாள் என்னால் சோறு பிசைய முடியவில்லை.

அங்கிருந்து நேராக மச்சானிடம் போனேன். அவருக்கு நாலு விரல் பிடித்தேன். "செட்டியாருங்க. நாலு விரக்கடை. உச்சியே அவரு பையனுக்குத்தான்னு கடையில உக்காந்து பேசறாருங்க." அப்புறம் நடு வரிசை அப்பன்மார்கள். அப்புறம் கீழ் வரிசை. அன்று ஒரு மாடுகூட விற்கவில்லை. ஆனால் என் கை அவ்வளவு வேலை செய்த சந்தை வேறு இல்லை.

விடிந்தும் விடியாமல் பள்ளிக்கூட வாசலில் வண்டிகள். மச்சான் வண்டல் மண் கொண்டுவந்தார். செட்டியார் செம்மண். இன்னொருவர் ஆற்று மணல். தன் பிள்ளை உட்காருகிற இடத்தில் மட்டும், பாத்தி கட்டினதுபோல அளந்து கொட்டி, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். பக்கத்துப் பிள்ளையின் இடத்தில் ஒரு கை மண் சிந்தினால் அதையும் வழித்து எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு ஒரு சிலேட்டு வாங்கித் தரக் கைவராதவர்கள், வண்டி வண்டியாக மண் அடித்தார்கள்.

காலையில் மாஷ் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே திட்டுத் திட்டாக மேடு. ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு பிள்ளை.

"ஞான் படிப்பிக்க வந்தது" என்றார் மெதுவாக. "மலை ஏற அல்ல."

மறுநாள் இரண்டு விரக்கடை நாலானது. நாலு எட்டானது. நான் துண்டை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மேட்டைக் கண்ணால் பார்த்தே அவரவர் வண்டி கட்டினார்கள். எனக்கு வண்டி இல்லை. நானும் வள்ளியாத்தாளும் கூடையில் சுமந்து, சாக்கடையை மூடி, ராமாத்தாளின் இடத்தை நிரப்பினோம். பொய்யைத் தலையிலிருந்து இறக்குவது சுலபம், மண்ணை ஏற்றுவது அப்படியில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு கட்டத்தில் பொன்னுச்சாமி உட்கார்ந்தால் தலை விட்டத்தில் இடித்தது. மச்சான் நிறுத்தினார். செட்டியாரும் தன் பையன் தலை விட்டத்தில் இடிக்கிற வரைக்கும் நிரப்பிவிட்டு நிறுத்தினார். எல்லோருக்கும் தலை இடிக்கிற இடம் ஒன்றுதான், ஆசாரி வைத்த விட்டம் நேராக இருந்ததே. கடைசியில் எவன் பிள்ளையும் எவன் பிள்ளைக்கும் மேலே இல்லை. தரை சமமாகிவிட்டது. ஒருவனுக்கும் அது தெரியவில்லை.

விட்டம் தட்டிய பள்ளிக்கூடம்

சமம்தான். ஆனால் உள்ளே எவனும் நிற்க முடியாது. மாஷ் முட்டிபோட்டுத்தான் பாடம் நடத்தினார். நான் வேலையைக் கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. இதைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் வண்டியை விட்டே இறங்க மாட்டார். அவர் வருகிற நாளும் வந்தது. மச்சான் வெற்றிலைத் தட்டோடு நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார். தட்டை வைத்துவிட்டு, "வா மாப்ளே, போயி முடிச்சுப்போட்டு வந்தர்லாம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். இந்தத் தடவை மாலை போட யாருக்கும் ஞாபகம் இல்லை, எல்லோரும் அவரவர் மண்ணுக்குப் பக்கத்தில் காவல் நின்றார்கள். அவர் உள்ளே பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஏறி, குனிந்து, தவழ்ந்து உள்ளே போனார். நாற்காலிக்கு இடம் இல்லை. பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு பலப்பம் யாரிடமாவது இருக்கிறதா?"

ராமாத்தாள் மடியை விரித்தாள். "எது வேணுமுங்க? நீளமா, குட்டையா?"

அவர் ஒரு நீளமான பலப்பத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கையை எடுத்தார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பலப்பம் வைத்த இடத்திலேயே கிடந்தது. வேறு ஒரு பக்கம் திருப்பி வைத்தார். அப்போதும் நகரவில்லை.

ராமாத்தாள் மூச்சை விட்ட சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

அவர் சிலேட்டில் ஒரு கணக்கைக் கொடுத்தார். போட்டாள். ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். படித்தாள். பொன்னுச்சாமியையும் கேட்டார். அவன் நல்ல தூக்கத்தில் இருந்தான், விட்டத்தில் சாய்ந்துகொள்ள வசதியாக இருந்தது. அப்புறம் இன்ஸ்பெக்டர் வெளியே திரும்பி எங்களைப் பார்த்தார்.

"உங்கள் பிள்ளைகள் என்ன பாடம் படிக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?"

"செம்மண்ணு நான் போட்டதுங்க" என்றார் செட்டியார்.

"வண்டலு என்னோடதுங்க" என்றார் மச்சான். "அதுதானுங்க ஒசத்தி."

இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பார்வையை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். வாங்க வந்தவன், மாட்டை விட்டுவிட்டு, விற்கிறவனைப் பார்க்கிற பார்வை.

"தரை சமம்" என்றார் கடைசியில். "அங்கீகாரம் தருகிறேன். உங்களுக்காக அல்ல. ஆனால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். மழைக்காலத்துக்குள் கூரையை உயர்த்துங்கள்."

மாஷ் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். எழுந்திருந்தால் மண்டை உடைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தோம். தட்டு வைத்த இடத்தில் இருந்தது. வள்ளியாத்தாள் அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். "பள்ளிக்கூடம் நிக்கலீங்ண்ணா. பாக்கு காயறதுக்குள்ள நீங்களே மென்னு போடுங்க" என்றாள். மச்சான் என்னை முறைத்தார். நான் கூரையைப் பார்த்தேன், எங்கள் வீட்டுக் கூரையைத்தான்.

கூரையை உயர்த்த மறுநாளே கமிட்டி கூடியது. எந்தப் பக்கத்திலிருந்து முதலில் தூக்குவது? முதலில் தூக்குகிற பக்கம்தான் முதலில் உயரும். எவன் பிள்ளையின் தலைக்கு மேல் முதலில் உயருவது? பிரசிடெண்ட் எழுந்து, "உச்சி எப்பவும் என்ற பையனுக்குத்தான், அதனால" என்று ஆரம்பித்தார். செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, பிரசிடெண்டின் மீசையை...

"அப்பா!"

இருங்கள். ராமாத்தாள் கூப்பிடுகிறாள். இப்போது அவளை ஊரில் டீச்சரம்மா என்கிறார்கள். பக்கத்து ஊரில், அந்த மணிக்காரப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டாளே.

"என்ன அம்மிணி? கதை நல்ல எடத்துல நிக்குது."

"கதை கெடக்கட்டுமுங்க, எந்திரிங்க. புது பெஞ்சு வந்து எறங்கியிருக்குது. எவன் புள்ளை மொத பெஞ்சுன்னு அப்பன்மாரெல்லாம் கிளாசுக்குள்ளயே வந்து நின்னுட்டுக் கத்தறாங்க. ரெண்டு பேரு சட்டையைப் புடிச்சுட்டாங்க."

"நான் வந்து என்ன நாயம் சொல்றது? நான் படிக்காதவன்."

"நாயம் ஆருங்க கேட்டா? வெளிய மரத்தடிக்குக் கூட்டீட்டுப் போயி ஏதாச்சும் கோமாளித்தனம் பண்ணுங்க. அவிங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள நான் பாடத்தை நடத்திப்போடறேன்."